எல்லோரும் டாக்டர் பேரில்

"கலைமதியா? சொந்தத் தங்கச்சி சங்கதியையே வெளிய வுட்டவ ஆச்சே!"

இன்றைக்குச் செஞ்சியில் அவளைப் பற்றி விசாரித்தால் இந்தப் பதில்தான் வரும். காந்தி பஜார் துணிக்கடையில் இதைத்தான் சொல்வார்கள், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ போட்டிருப்பவரும் இதைத்தான் சொல்வார். சொல்கிற ஒருவருக்காவது நடந்தது என்ன என்று தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும். அவள் மென்பொருள் எழுதுவாள், அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது என் வேலை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் பேர் ரஞ்சிதம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது. இதை எழுதும்போதும் அது போகவில்லை, ஆகவே நடுநிலைமை எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கலைமதி சிங்கவரத்துக் காலனியில் பிறந்தவள். அவள் நைனா காமராஜ் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினார். அம்மா மீனம்பாள் நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை ஆயப் போவார், நூறு நாள் வேலைக்குப் போவார். தங்கை மஞ்சு. பெண்கள் பள்ளியில் நானும் கலைமதியும் ஒரே வகுப்பு. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் மிஸ் வந்து, "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப்புக்குக் கணக்கு எடுக்கணும்" என்றார். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். கலைமதியும் எழுந்தாள், ஆனால் சும்மா நிற்கவில்லை.

"மிஸ், இத அவங்கவங்க கிட்ட தனியா கேக்கலாமில்ல?"

"ஏன், கேட்டா இன்னா கொறஞ்சு போவுது ஒனக்கு?"

"எனக்குக் கொறையல மிஸ். உக்காந்திருக்கிறவங்களுக்கு எதுக்கு இது தெரியணும்?"

உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருத்தி. மிஸ் அவளை வகுப்பு முடிகிற வரை நிற்க வைத்தார். அவள் நின்றாள். யாருக்கு எது தெரிய வேண்டும், யாருக்குத் தெரியத் தேவையில்லை என்கிற அந்த ஒரே கேள்வியைத்தான் அவள் பிறகு தொழிலாகவே எடுத்துக்கொண்டாள்.

விழுப்புரத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுடைய நோயாளிக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது. அந்த அறைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது, பேனா கூடாது, துண்டுக் காகிதம் கூடாது. கைப்பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடுதான் உள்ளே போக வேண்டும். ஒரு கோப்பைத் தவறுதலாகத் திறந்துவிட்டால்கூட விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். "எங்கயோ இருக்கிற ஒரு வெள்ளக்காரக் கெழவனுக்கு மூலம்னா, அது அவனுக்கும் அவன் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்டி. நம்ம ஊர்ல இன்னான்னா, மருந்துக் கடையில நிக்கிறவனே சத்தமா படிச்சுக் காட்டறான்" என்று என்னிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

ஊரடங்கில் அந்த வேலை போயிற்று. காமராஜுக்கும் முதுகு விட்டுப்போய் மூட்டை தூக்க முடியவில்லை. அவள் ஊருக்குத் திரும்பினாள். திருவண்ணாமலை சாலையில் உரக்கடைக்கு மேல்மாடியில் பார்த்திபன் என்பவர் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரை உள்ள சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் பதிவு, மருந்து, பில் எல்லாம் போடுகிற மென்பொருள் செய்து தருவோம். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் ராஜகிரி மலை, கீழேயிருந்து யூரியா நாற்றம்.

அவள் வருவதற்கு முன் எங்கள் மென்பொருள் திறந்த வீடு. பேர் தெரிந்தால் போதும், யார் கோப்பையும் யாரும் பார்க்கலாம். அவள் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டாள். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்டு. ரிசப்ஷனுக்கு நோயாளியின் பேரும் டோக்கனும் தெரிந்தால் போதும். மருந்துக் கடைக்கு மாத்திரை தெரிந்தால் போதும். என்ன வியாதி என்பது டாக்டர் லாகினில் மட்டும் திறக்கும். யார் திறந்தாலும் திறந்தவர் பேரும் நேரமும் பதிவாகும். அந்தப் பதிவேட்டை யாராவது எடுத்துப் பார்த்தால் அவர் பேரும் அதிலேயே விழும். கடைசியாக ஒன்றைச் சேர்த்தாள். மென்பொருள் எழுதுகிறவர்களாகிய நாங்கள் ஆஸ்பத்திரி எழுத்தில் கேட்காமல் ஒரு நோயாளியின் கோப்பையும் தொடக் கூடாது, தொட்டால் வேலை இல்லை. இந்த விதியை அவளே எழுதிப் பார்த்திபன் சாரிடம் கையெழுத்து வாங்கினாள்.

"நமக்குமா இது?" என்று நான் கேட்டேன்.

"மொதல்ல நமக்குத்தான்டி. சாவி செய்றவனுக்குத்தான் எல்லா வீடும் தெறக்கும்."

இந்த மென்பொருளை முதலில் வாங்கியது ராஜாராம் டாக்டர் ஆஸ்பத்திரி. ஊரில் நல்ல பேர். டாக்டர் கைராசிக்காரர், அதிலெல்லாம் குறை சொல்ல மாட்டேன். நிர்வாகம் முழுக்க அவர் மச்சான் வெற்றிவேல். ரிசப்ஷன், மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் அவர்கள் சொந்தக்காரர்களும் சொந்தக்காரர்களுக்கு வேண்டியவர்களும்தான்.

தனித்தனி லாகின் அங்கே முதல் அமாவாசையோடு முடிந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகும். பஸ்ஸுக்குப் பஸ் மயக்கம், வாந்தி, கால் நசுங்கல், சாமி வந்து ஆடி மண்டை உடைந்தது என்று ஆஸ்பத்திரி நிரம்பிவிடும். ஒருத்தி எழுந்து இன்னொருத்தி உட்காரும் ஒவ்வொரு முறையும் லாகின் மாற்ற அன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை. டாக்டர் லாகினில் எல்லாமே திறக்கிறதே, அது ஒன்று போதுமே என்று வெற்றிவேல் டாக்டரின் பாஸ்வேர்டை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். டாக்டர் மகன் பேரும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. அமாவாசை முடிந்தது, பழக்கம் முடியவில்லை. சாணி மொழுகுவதுபோல ஒரே கையால் எல்லாக் கோப்பையும் தடவிக்கொண்டிருந்தார்கள்.

கலைமதி போய்ச் சண்டை போட்டாள். விரல் வைத்துத் திறக்கும் சின்னக் கருவி வாங்கி மாட்டினாள். அடுத்த முறை போனபோது அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தார்கள்.

"ஏம்மா, அமாவாச அன்னிக்கு நீ வந்து இங்க நில்லு, அப்பத் தெரியும்" என்றார் வெற்றிவேல். "எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறோம். இவங்க பாத்தா இன்னா, அவங்க பாத்தா இன்னா?"

"நோயாளி உங்க குடும்பம் இல்லீங்களே சார்."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பார்த்திபன் சாரிடம் சொன்னபோது அவரும், "நம்ம வேல பூட்டு செஞ்சு குடுக்கறது. தெறந்து போட்டுத் தூங்குனா அது அவங்க பாடு" என்று முடித்துவிட்டார்.

அவள் விடவில்லை. டாக்டர் லாகினில் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது, டாக்டரின் செல்போனுக்கு ஓர் எண் வரும், அதையும் போட வேண்டும் என்று மாற்றி எழுதினாள். டாக்டரையே நேரில் பார்த்துப் பேசினாள். அவரும், "சரிம்மா, நீ சொல்றது நியாயம்தான்" என்று தலையாட்டினார். ரிசப்ஷன் பெண்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரவர் லாகினில் உட்கார்ந்தார்கள். கலைமதி பதிவேட்டின் பேர்களை மேலோட்டமாகப் பார்க்க ஆஸ்பத்திரி எழுத்தில் கேட்டிருந்தது. சில வாரம் பார்த்தாள். எல்லாம் அதது அதனதன் இடத்தில். அன்றைக்கு எனக்கு அவளே காசு போட்டுப் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் மஞ்சுவை அங்கே கூட்டிப் போனாள்.

மஞ்சுவுக்குப் பிளஸ் டூ முடித்த வருஷத்திலிருந்து வலிப்பு. அக்கா சென்னையில் இருந்தபோது அங்கேயே காட்டி, மாத்திரையில் முழுக்க அடங்கிவிட்டது. மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் காந்தி பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஆனாலும் மாதாமாதம் ஒரு டாக்டர் பார்த்து மாத்திரை எழுத வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாது. காலனியில்கூடத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, வெளிய தெரியாதில்ல?" என்று ஆஸ்பத்திரிப் படியில் நின்று கேட்டிருக்கிறாள்.

"டாக்டரத் தவிர ஒருத்தராலயும் தெறக்க முடியாதுடி. நான் எழுதுன பூட்டு."

வீட்டில் பெட்டிக்கு அடியில் பழைய புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த சென்னை டாக்டர் சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், டாக்டர் பார்க்க, கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்தாள்.

டாக்டருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அவர் எழுதிக் கொடுப்பதை அவர் லாகினில் ஏற்ற ஒவ்வொரு முறையும் ரிசப்ஷன் பெண்களுக்கு அந்த எண் வேண்டும். ஆபரேஷன் நடுவில் செல்போன் அடிக்கும், "சார், எண் வந்திச்சா, சொல்லுங்க" என்று கேட்பார்கள். சாப்பிடும்போது கேட்பார்கள். சலித்துப்போன மனிதர் ஒரு பட்டன் போன் வாங்கி, அந்தச் சிம்மை அதில் போட்டு, ரிசப்ஷன் மேசையிலேயே வைத்துவிட்டார். இனிமேல் எண் நேரே மேசைக்கே வரும். இது நடந்தது கலைமதிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் கட்டிய பூட்டும் சாவியும் டோக்கன் டப்பாவுக்குப் பக்கத்தில் சேர்ந்தே கிடந்தன.

அனந்தபுரத்திலிருந்து மஞ்சுவுக்கு ஓர் இடம் வந்தது. பையன் அன்புச்செல்வன், திண்டிவனத்தில் டிராக்டர் ஷோரூமில் வேலை. பெண் பார்க்க வந்தவன் போகும்போது செல்போன் எண் வாங்கிக்கொண்டு போனான். தினமும் பேசினார்கள். மஞ்சுவுக்குப் பிடித்திருந்தது, நன்றாகவே பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தபோது அவள் வீட்டில் ஒரு குண்டைப் போட்டாள்.

"அவர் கிட்ட நான் சொல்லப் போறேன்."

மீனம்பாள் பதறிவிட்டார். "ஒனக்கு இன்னா பைத்தியமாடி? கல்யாணம் ஆவட்டும், ஒரு புள்ள பொறக்கட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"மறைச்சு வச்சிக் கட்டிக்கமாட்டேம்மா. என் ஒடம்பு, நான்தான் சொல்வேன். கேட்டுட்டு வேணாம்னா போவட்டும்."

கலைமதி தங்கை பக்கம் நின்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனைக் கோட்டைக்கு வரச் சொல்வது, உள்ளே கல்யாண மகால் பக்கம் கூட்டம் குறைவாக இருக்கும், அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பாள், மஞ்சு அவனிடம் தன் வாயால் சொல்வாள் என்று முடிவாயிற்று. எப்படி ஆரம்பிப்பது என்று மஞ்சு என்னிடம்கூட ஒத்திகை பார்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கேட்டுட்டு உடனே பதில் சொல்லாதீங்க, ரெண்டு நாள் யோசிங்க." இதைச் சொல்லிவிட்டு, "நல்லா இருக்குதாக்கா? கெஞ்சற மாதிரி இல்லியே?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. அதை அவளே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் விசாரிப்பு உண்டு. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணின் ஊருக்குப் போய்ப் பெட்டிக்கடையில் கேட்பார், ரேஷன் கடையில் கேட்பார், படித்த பள்ளியில் கேட்பார். கேட்பது தப்பில்லை, சொல்வதும் தப்பில்லை. ஒரு பையனுடைய வாழ்க்கை, தெரிந்ததைச் சொல்லாவிட்டால்தான் பாவம் என்பார்கள். இப்போது அந்த விசாரிப்பில் ஆஸ்பத்திரியும் சேர்ந்திருக்கிறது. அன்புச்செல்வனின் மாமா யாரைப் பிடித்தாரோ, யார் அந்தப் பட்டன் போனைப் பார்த்து எண்ணைத் தட்டினார்களோ, புண்ணியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒருத்தர் மஞ்சுவின் கோப்பைத் திறந்து படித்துச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்பே மாமா காமராஜுக்குப் போன் செய்தார். "பொண்ணுக்கு வலிப்பு இருக்குதாமே? இல்லன்னு சொல்லாதீங்க, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லயே ஏத்தி வச்சிருக்குது." காமராஜ் போனைக் கட் பண்ணிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பிறகு அன்புச்செல்வன் மஞ்சுவைக் கூப்பிட்டான்.

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"மறைக்கலீங்க. ஞாயித்துக்கெழம அத சொல்லத்தான் கோட்டைக்கு வரச் சொன்னேன்."

"மாட்டிக்கினப்புறம் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். வியாதி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மஞ்சு அழுதுவிட்டு எழுந்திருப்பாள். அவன் அவளைப் பொய்க்காரி என்றான். நாம் சொல்ல நினைத்திருந்ததை எப்படி நிரூபிப்பது?

மீனம்பாள் தலையில் அடித்துக்கொண்டார். "பொட்டிக்குள்ள சுருட்டி வச்சிருந்தேனே! அத எடுத்தும்போயி கம்ப்யூட்டர்ல ஏத்துனது நீதானடி கலை!" மஞ்சு அக்காவைத் திட்டவில்லை. அன்று சாயங்காலம் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே, "யாருன்னு மட்டும் கண்டுபுடி அக்கா" என்றாள். "எனக்கு அவங்க பேரு தெரியணும்."

கலைமதி மறுநாள் நேர் வழியில்தான் போனாள். வெற்றிவேலிடம் போய், பதிவேட்டைப் பார்க்க எழுத்தில் அனுமதி கேட்டாள்.

"இன்னாம்மா, எங்க ஆஸ்பத்திரி மேலயே பழி போடறியா? யாரும் ஒண்ணும் பாக்கல. போய் வேலையப் பாரு."

அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வாணாம்டி கலை. நீயே எழுதுன ரூல்."

"தெரியும்."

"ஒன் பேரு வுழும்."

"வுழட்டும். நான் இன்னா ஒளிஞ்சா பாக்கறேன்?"

தன் சொந்த லாகினில், தன் சொந்தப் பேரில் மஞ்சுவின் கோப்புக்குப் போய் அதைத் திறந்தவர்களின் பதிவேட்டை எடுத்தாள். நானும் பார்த்தேன். வரிசையாக ஒரே பேர். டாக்டர் ராஜாராம், டாக்டர் ராஜாராம், டாக்டர் ராஜாராம். மஞ்சு மாத்திரை வாங்கப் போன நாட்களில் இருந்தது சரி. மாமா விசாரிக்க வந்த வாரத்தில் மட்டும் அதே பேர் நாலைந்து தடவை. அதில் ஒரு நாள் டாக்டர் குடும்பத்தோடு திருப்பதியில் இருந்தார், மொட்டை போட்டுக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது. கடைசி வரியில் புதிதாக ஒரு பேர் விழுந்தது. கலைமதி காமராஜ்.

அவள் பார்த்திபன் சாருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். தான் விதியை மீறியதையும் முதல் வரியிலேயே எழுதினாள். டாக்டர் லாகினை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஆஸ்பத்திரி விசாரிக்க வேண்டும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். டாக்டர், வெற்றிவேல், பார்த்திபன் சார், கலைமதி, பக்கத்தில் நான். பட்டன் போன் சங்கதி அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. வெற்றிவேல் அதைக் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்.

கலைமதி பதிவேட்டை டாக்டர் முன் வைத்தாள். "சார், இந்தத் தேதியில நீங்க திருப்பதியில இருந்தீங்க. உங்க பேர்ல யாரோ என் தங்கச்சி கோப்பத் தெறந்திருக்காங்க. அன்னிக்கு ரிசப்ஷன்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டா போதும்."

டாக்டர் அந்தத் தாளை நிதானமாகப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் பேர்ல இருக்கிறதெல்லாம் நான் பாத்ததுதாம்மா. என் பேஷன்ட். நான் எங்க இருந்தாலும் பாப்பேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அத்தனை திருட்டும் வைத்தியமாக மாறிவிட்டது. படித்த மனிதர், நாலு பேர் காலைத் தொட்டுக் கும்பிடுகிற மனிதர், கண் எதிரில் கூசாமல் பொய் சொன்னார். எனக்கு எழுந்து அந்தத் தாளை அவர் முகத்தில் வீச வேண்டும்போல இருந்தது.

"அப்ப, டாக்டர் அல்லாத ஒரு பேரு இதுல யாருது?" என்றார் வெற்றிவேல். விரலைக் கடைசி வரியில் வைத்தார். "கலைமதி காமராஜ். அதிகாரம் இல்லாம தெறந்தது இவங்க ஒருத்தங்கதான். சார், பதிவுல இருக்குது, நான் சொல்லல."

"நான் தெறந்தது வெளிய தெரிஞ்சப்புறம். தேதியப் பாருங்க."

"அதுக்கு முன்னாடி இங்க வந்து நின்னு நின்னு இன்னான்னா பாத்தியோ. அதெல்லாம் யாரு கண்டா?"

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். என்னை மறந்துவிட்டார்களா, இல்லை நான் இருப்பது ஒரு பொருட்டாகத் தெரியவில்லையா, தெரியாது. வெற்றிவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம பசங்க இதெல்லாம் செய்யமாட்டாங்க சார். அவங்க ஆளுங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார். 'நம்ம' என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். என் சாதியை அவர் எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறார்.

"உங்க பசங்க செஞ்சாங்க சார். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்று சொன்னேன். காப்பி வந்தது. குடித்தார்கள்.

பார்த்திபன் சார் அவளை வேலையை விட்டு அனுப்பினார். காரணமாக அவள் எழுதிய விதியையே காட்டினார். ஆஸ்பத்திரி எழுத்தில் கேட்காமல் கோப்பைத் தொட்டால் வேலை இல்லை. அதில் ஓர் எழுத்துப் பிசகு கிடையாது, ஏனென்றால் எழுதியவள் அவள். "நான் இன்னா பண்ணட்டும் கலைமதி, நீயே சொல்லு" என்று அவர் உருகினார். அவள் தன் டம்ளரையும் சார்ஜரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, "ரூல் சரிதான் சார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அந்த நேரத்தில்கூட அந்த விதி தப்பு என்று அவள் வாயில் வரவில்லை. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

ஊருக்குள் செய்தி வேறு மாதிரி போனது. கம்ப்யூட்டரில் பிடிபட்டது அக்காவின் பேர்தானாம், அவளுக்கே தங்கச்சி மேல் பொறாமையாம், மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணமா என்கிற எரிச்சலாம். போலீசுக்குப் போகலாமே என்று நான் சொன்னேன். போனால் மஞ்சுவின் பேர் இன்னும் நாலு தெருவுக்குப் போகும் என்று காமராஜ் தடுத்துவிட்டார். துணிக்கடை முதலாளி மஞ்சுவிடம், "திடீர்னு கல்லாவுல வுழுந்து வச்சீன்னா கஸ்டமர் பயந்துக்குவாங்க, கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்று ரொம்ப அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

மஞ்சுவுக்கு அக்கா மேல் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் ராஜாராம் டாக்டர் வாசலை மிதிக்க மறுத்தாள். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ எந்த ஆஸ்பத்திரியிலும் காலை வைக்க மாட்டேன் என்றாள். மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி புதுச்சேரிக்குச் சம்மதிக்க வைத்தோம். மூன்று பேரும் காலைப் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க மஞ்சு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அது நரம்பு வைத்தியர் ஒருவரின் கிளினிக். சுத்தமாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க."

மஞ்சு கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "மகாலட்சுமி."

கலைமதி சட்டென்று திரும்பித் தங்கையைப் பார்த்தாள். ஒரு நோயாளிக்கு ஒரே பேர், ஒரே கோப்பு என்பது அவள் தொழிலில் முதல் பாடம். ஆள் மாறினால் மருந்து மாறும், மருந்து மாறினால் உயிர் போகும் என்று எனக்கே அவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்வாள், தடுப்பாள் என்று நினைத்தேன்.

"ஊரு?"

"தொண்டூர்" என்றாள் மஞ்சு. அதுவும் பொய்.

"பொறந்த தேதி, செல் நம்பர்?"

மஞ்சு விழித்தாள். அவ்வளவு தூரம் யோசித்துக்கொண்டு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கலைமதி முன்னால் நகர்ந்து நின்றாள். ஒரு தேதி சொன்னாள். ஓர் எண் சொன்னாள், தடுமாறாமல், பத்து இலக்கமும். எந்தத் தேதி சொன்னால் வயதோடு பொருந்தும், எந்த எண் போட்டால் கம்ப்யூட்டர் திருப்பிக் கேட்காது என்பது அவளுக்கு அத்துப்படி. திரையில் ஒரு சிவப்பு எழுத்தும் வரவில்லை.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க. இதான் மொத தடவ" என்றாள் கலைமதி.

அட்டை கொடுத்தார்கள். சுவரோரமாகப் போய் உட்கார்ந்தோம். நான் கலைமதியின் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் கையில் இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "மகாலட்சுமி" என்று கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மஞ்சு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மகாலட்சுமி யாருங்க? தொண்டூர் மகாலட்சுமி?"

கலைமதி தங்கையின் தோளைத் தொட்டாள். "ஒன்னத்தாண்டி கூப்புடறாங்க, எழுந்துரு."